‘டீம்டு டு ஹாவ் பீன் வித்ட்ரான்’ என்று கடிதம் வந்தால் என்ன பொருள்?

கேள்வி இதுதான். முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்த ஒரு மாணவிக்குக் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. குறிப்பிட்ட தேதிக்குள் அசல் சான்றிதழ்களை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும், காட்டாவிட்டால் ‘யுவர் அப்ளிகேஷன் ஷல் பி டீம்டு டு ஹாவ் பீன் வித்ட்ரான்’ என்று கடைசி வரி. அதைப் படித்த அப்பா, “நீயா வாபஸ் வாங்கினே?” என்று கோபப்பட்டிருக்கிறார். அகராதியில் ‘டீம்’ என்பதற்குக் ‘கருது, எண்ணு’ என்று போட்டிருக்கிறது. “நான் வாபஸ் வாங்கவே இல்லையே, அவங்க எப்படி அப்படிக் கருதலாம்? நீங்க கருதுறது தப்புன்னு ஒரு பதில் எழுதினாப் போதாதா?” என்று அந்த மாணவி கேட்கிறார்.

போதாதம்மா. நீங்கள் வாபஸ் வாங்கவில்லை என்பது அந்தக் கடிதத்தை எழுதியவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார். நடந்தது எதுவாக இருந்தாலும் சரி, அந்தத் தேதி தாண்டினால் நீங்கள் வாபஸ் வாங்கியதாகவே வைத்துக்கொண்டு மேற்கொண்டு வேலையைப் பார்ப்போம் என்கிறது அந்த வரி. உங்கள் மனதில் என்ன இருந்தது என்று யாரும் ஊகிக்கவில்லை. அதனால் ‘நீங்கள் நினைப்பது தவறு’ என்ற பதிலுக்கு அங்கே வேலையே இல்லை.

ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கும் வேலையில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். வாடகை ஒப்பந்தம், வக்கீல் நோட்டீஸ், தீர்ப்பு நகல், வரி உத்தரவு என்று எது மேசைக்கு வந்தாலும் நான்கே எழுத்துள்ள இந்தச் சொல் அதில் எங்காவது இருக்கும். படித்தவர்களே இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ‘கருதப்படும்தானே, பார்த்துக்கலாம்’ என்று. அதனால் பணத்தையும் வாய்ப்பையும் இழந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உச்சரிப்பு. தமிழில் எழுதும்போது கிரிக்கெட் டீமும் இதுவும் ஒரே மாதிரிதான் வரும். வாயால் சொல்லும்போது அது வல்லோசை, இது ‘டாக்டர்’ என்பதில் வருவது போன்ற மெல்லிய ஒலி. ‘ரிடீம்’, ‘எஸ்டீம்’ என்ற சொற்களைப் பார்த்து இவையெல்லாம் ஒரே குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். அவை இரண்டும் லத்தீன் வழியாக வந்தவை. ‘டீம்’ பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல்.

அந்தப் பழைய ஆங்கிலத்தில் இதன் பொருள் ‘தீர்ப்புச் சொல்’ என்பதுதான். ‘டூம்’ என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்த வினை இது. ‘ஃபுட்’ என்பதிலிருந்து ‘ஃபீட்’, ‘பிளட்’ என்பதிலிருந்து ‘பிளீட்’ வந்ததே, அதே மாதிரிதான் ‘டூம்’ என்பதிலிருந்து ‘டீம்’. இன்று ‘டூம்’ என்றால் அழிவு, கேடு என்றுதான் புரிந்துகொள்கிறோம். அன்றைக்கு அதற்குச் சட்டம், தீர்ப்பு என்று பொருள். ‘டூம்ஸ்டே’ என்றால் தீர்ப்பு நாள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘நியாயத்தீர்ப்பு நாள்’ என்று சொல்கிறார்களே, அது சொல்லுக்குச் சொல் அப்படியே பொருந்துகிறது. இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னர் 1086-இல் நாட்டிலுள்ள நிலம், உழவு மாடு, ஆலை எல்லாவற்றையும் கணக்கெடுத்து எழுதவைத்த பதிவேட்டுக்கும் மக்கள் இதே பெயரைத்தான் வைத்தார்கள். அதில் எழுதியதற்கு மேல் முறையீடு கிடையாது, கடைசி நாள் தீர்ப்பு மாதிரி என்பதால் வந்த பெயர். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் ஐல் ஆஃப் மேன் தீவில் உயர் நீதிமன்ற நீதிபதிகளை இன்றைக்கும் ‘டீம்ஸ்டர்’ என்றுதான் அழைக்கிறார்கள்.

இன்னும் ஒரு படி கீழே போனால் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. ‘டூம்’ என்பதன் அடிவேர், ‘வை’, ‘நிறுவு’ என்று பொருள்படும் ஒரு தொல்வேர். சமஸ்கிருதத்தில் ‘தா’ என்று வழங்கும் வேரும் அதுவே. அந்த வேரோடு ‘வி’ சேர்ந்து உண்டானதுதான் ‘விதி’. நாம் தமிழில் விதி என்ற ஒரே சொல்லை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். சாலை விதியும் விதிதான், தலைவிதியும் விதிதான். ஆங்கிலத்தின் ‘டூம்’ நடந்து வந்த பாதையும் இதுவே: முதலில் சட்டம், பிறகு தப்ப முடியாத முடிவு. ஒரே வேரிலிருந்து கிளைத்த இரண்டு சொற்கள் இரண்டு நாடுகளில் ஒரே திசையில் நடந்திருக்கின்றன.

ஆக, ‘டீம்’ என்ற சொல் பிறக்கும்போதே நீதிபதியின் இருக்கையில் பிறந்தது. சும்மா நினைப்பதற்கு ஆங்கிலத்தில் ‘திங்க்’ இருக்கிறது. யோசித்துப் பார்ப்பதற்குக் ‘கன்ஸிடர்’ இருக்கிறது. ‘டீம்’ வரும் இடத்தில், முடிவு சொல்லும் உரிமை உள்ள ஒருவர் இருப்பார், அவர் சொன்ன பிறகு அதற்கேற்ற விளைவும் வரும். வீட்டில் ‘ஐ டீம் திஸ் சாம்பார் டு பி சால்ட்டி’ என்று யாரும் பேசுவதில்லை. பேசினால் கேட்பவர் முகம் சுளிப்பார். அலுவலகக் கடிதம், சட்டம், ஒப்பந்தம், மேடைப் பேச்சு, இவைதான் இதன் ஊர்.

மேடைப் பேச்சில் வரும் ‘ஐ டீம் இட் எ பிரிவிலேஜ்’ என்பது மென்மையான பயன்பாடு. நம் ஊர் வரவேற்புரைகளில் ‘இதைப் பெரும்பேறாகக் கருதுகிறேன்’ என்று சொல்வதற்கு நேர் இணை. அங்கே ‘கருதுகிறேன்’ சரியாகவே பொருந்துகிறது. அகராதி அந்த ஒரு முகத்தை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

இலக்கணம் பற்றி இரண்டு செய்தி சொல்லிவிடுகிறேன். இந்த வினையைத் தொடர் நிகழ்காலத்தில் போடக்கூடாது, ‘ஐ ஆம் டீமிங்’ என்று எழுதினால் ஆங்கிலம் அறிந்தவர் நெற்றியைச் சுருக்குவார். அடுத்து, ‘டீம்டு அஸ் நெஸஸரி’ என்று நடுவில் ‘அஸ்’ போடும் வழக்கம் நம்மிடம் அதிகம். அது தேவையில்லை, ‘டீம்டு நெஸஸரி’ போதும். ‘ரிகார்ட்’ என்ற சொல்லுக்குத்தான் ‘அஸ்’ வேண்டும். அதைப் பார்த்து இதற்கும் ஒட்டிக்கொண்டது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கலாகும் மனுக்களின் கடைசிப் பத்தியை ஒருமுறை படித்துப் பாருங்கள். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு, ‘அஸ் திஸ் ஆனரபிள் கோர்ட் மே டீம் ஃபிட் அண்ட் ப்ராப்பர்’ என்று வந்து, ‘அண்ட் தஸ் ரெண்டர் ஜஸ்டிஸ்’ என்று முடியும். தமிழில் எழுதும் மனுவில் ‘கனம் நீதிமன்றம் தக்கதெனக் கருதும் இதர உத்தரவுகளையும் பிறப்பித்து நீதி வழங்க வேண்டுகிறேன்’ என்று வரும். வெறும் மரியாதை வாசகம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் கேட்டதோடு நிற்க வேண்டாம், எது சரியென்று முடிவு செய்கிற அதிகாரம் உங்களுடையது, அதைப் பயன்படுத்துங்கள் என்று மனுதாரர் வாசலைத் திறந்து வைக்கும் வரி அது. அந்த அதிகாரத்தைச் சுமக்கும் வினைதான் ‘டீம்’.

சட்டத்துக்குள் நுழையும்போது இந்தச் சொல்லின் உண்மையான பலம் தெரியும். சட்டம் ஒரு பொருளை ‘டீம்டு’ என்று சொன்னால், பெரும்பாலும் அந்தப் பொருள் உண்மையில் அது அல்ல என்று அர்த்தம். உண்மையிலேயே அதுவாக இருந்தால் ‘இஸ்’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்களே! இல்லாததை இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொல்லும் இந்த ஏற்பாட்டைச் சட்டப் புனைவு என்பார்கள்.

நம் எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு, ‘டீம்டு யூனிவர்சிட்டி’. 1956ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவை எழுத்தெண்ணிப் படித்தால் அதில் ஒரு சின்ன சொற்றொடர் தட்டுப்படும்: ‘அதர் தேன் எ யூனிவர்சிட்டி’. பல்கலைக்கழகம் அல்லாத ஓர் உயர்கல்வி நிறுவனத்தை, குழுவின் ஆலோசனையின் பேரில், மத்திய அரசு அரசிதழில் அறிவித்தால், அந்தச் சட்டத்தின் காரியங்களுக்கு மட்டும் அது பல்கலைக்கழகமாகக் கொள்ளப்படும். ஆக அது பல்கலைக்கழகம் அல்ல என்பதுதான் தொடக்கமே. 1958-இல் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் இந்த வழியில்தான் அந்தத் தகுதியைப் பெற்றது. திண்டுக்கல் பக்கத்திலுள்ள காந்திகிராமம் 1976-இல் பெற்றது. ஆகவே இந்தத் தகுதி தாழ்ந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். ஆனால் அந்தச் சொல் பெயர்ப்பலகையில் மெல்ல மறைந்து ‘யூனிவர்சிட்டி’ மட்டும் பெரிதாக நின்றபோது சிக்கல் வந்தது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதைக் கண்டித்த பிறகு, இந்த நிறுவனங்கள் தங்கள் பெயரோடு யூனிவர்சிட்டி என்று போட்டுக்கொள்ளக் கூடாது, வேண்டுமானால் ‘டீம்டு டு பி யூனிவர்சிட்டி’ என்று அடைப்புக்குள் போடலாம் என்று மானியக் குழு உத்தரவிட்டது. மூன்று சின்னச் சொற்களுக்கு அவ்வளவு கனம்.

தமிழில் இதற்கு ‘நிகர்நிலைப் பல்கலைக்கழகம்’ என்று பெயர் வைத்தவரை நான் மனதுக்குள் பலமுறை வணங்கியிருக்கிறேன். அவர் வினையை மொழிபெயர்க்கவில்லை, அதன் விளைவை எடுத்துக்கொண்டார். பல்கலைக்கழகம் அல்ல, அதற்கு நிகரான நிலையில் உள்ளது. இரண்டு உண்மையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. ஆனால் இந்த ‘நிகர்நிலை’ எல்லா இடத்துக்கும் வராது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வரிச் சட்டத்தில் இந்தச் சொல் படர்ந்து கிடக்கிறது. ஒருவருக்கு மூன்று வீடு என்று வையுங்கள். வருமான வரிச் சட்டத்தின்படி இரண்டு வீடுகளைத் தன் சொந்தக் குடியிருப்பு என்று காட்டிக்கொள்ளலாம். 2019-க்கு முன்பு ஒன்றுதான் காட்ட முடிந்தது. மூன்றாவது வீடு பூட்டிக் கிடக்கலாம், ஒட்டடை படிந்து கிடக்கலாம், அதிலிருந்து ஒரு ரூபாய் வராமல் இருக்கலாம். ஆனாலும் அது ‘டீம்டு டு பி லெட் அவுட்’, வாடகைக்கு விட்டதாகவே கொண்டு, வரக்கூடிய வாடகைக்கு வரி போடுவார்கள். “சாவி என்கிட்டேதான் சார் இருக்கு, வேணும்னா வந்து பாருங்க” என்று சொல்வதில் பயனில்லை. பூட்டிக் கிடப்பது அவர்களுக்கும் தெரியும்.

ஏற்றுமதியாளர்களிடம் ‘டீம்டு எக்ஸ்போர்ட்’ என்ற பேச்சு அன்றாடம் புழங்கும். சரக்கு நாட்டை விட்டு வெளியே போயிருக்காது. அடுத்த தெருவிலிருக்கும் முழு ஏற்றுமதித் தொழிற்கூடத்துக்குப் போயிருக்கும். ஆனாலும் சில சலுகைகளுக்காக அதை ஏற்றுமதியாகக் கொள்கிறது ஜிஎஸ்டி சட்டம். இங்கே அந்தச் சொல் வியாபாரிக்கு நன்மை செய்கிறது.

இந்தப் புனைவை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு 1951-இல் இங்கிலாந்தில் லார்ட் ஆஸ்குவித் எழுதிய தீர்ப்பை நம் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்கின்றன. போரில் குண்டு விழுந்து அழிந்த குடியிருப்பு ஒன்றின் இழப்பீடு பற்றிய வழக்கு அது. ஒரு கற்பனை நிலையை உண்மையாகக் கொள்ளச் சட்டம் சொல்லிவிட்டால், அதிலிருந்து தவிர்க்க முடியாமல் வரும் விளைவுகளையும் கற்பனை செய்தாக வேண்டும், பாதி வழியில் மனம் தயங்கி நின்றுவிடக் கூடாது என்பது அதன் சாரம். 1953-இலேயே நம் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் 1955-இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் அதே நீதிமன்றம் ஒரு கடிவாளத்தையும் போட்டது: எந்தக் காரியத்துக்காகப் புனைவு உண்டாக்கப்பட்டதோ அந்தக் காரியத்தோடு அது நின்றுவிட வேண்டும். முதல் தீர்ப்பு, கொண்டால் முழுதாகக் கொள் என்கிறது. அடுத்தது, எதற்காகக் கொண்டாயோ அதற்கு மட்டும் கொள் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ‘டீம்’ பிடிபடும். பூட்டிய வீட்டை வாடகை வீடாகக் கொண்டது வரிக்கு மட்டும். அதை வைத்துக்கொண்டு யாராவது வந்து ‘நான்தான் வாடகைக்காரன்’ என்று கதவைத் தட்ட முடியாது.

ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், சிறு வியாபாரி. கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். தபால்காரர் மூன்று நாள் வந்திருக்கிறார். இவர் உள்ளே இருந்துகொண்டே பிள்ளையை விட்டு ‘அப்பா ஊரில் இல்லை’ என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். கவர் திரும்பிப் போய்விட்டது. “கையெழுத்தே போடலையே சார், நோட்டீஸ் வந்ததா எப்படிச் சொல்வாங்க?” என்று நம்பிக்கையோடு கேட்டார். வக்கீல் ஒன்றும் சொல்லாமல் வழக்குக் கட்டிலிருந்து அந்தப் பழுப்பு நிற உறையின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். முகவரியில் கதவு எண் முதல் பின்கோடு வரை ஒரு பிழையில்லை. மூலையில் நீல மையில் மூன்று தேதிகள், ஒவ்வொன்றின் கீழும் தபால்காரரின் சுருக்கெழுத்து. அதற்கும் கீழே ‘பெறுநர் பெற்றுக்கொள்ளவில்லை, அனுப்புநருக்கே திருப்பப்படுகிறது’ என்ற குறிப்பு. அதைப் படித்ததும் அவர் முகம் மாறிப்போனது.

1897ஆம் ஆண்டு பொதுப்பிரிவுகள் சட்டத்தின் 27-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: சரியான முகவரி எழுதி, தபால் கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால் நோட்டீஸ் சேர்ந்துவிட்டதாகக் ‘டீம்’ செய்யப்படும். அவர் வாங்க மறுத்தது அவரைக் காப்பாற்றவில்லை. நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாளுக்குள் பணத்தைக் கட்டியிருந்தால் குற்றமே ஆகியிருக்காது, அந்த 15 நாளை உறையைத் திருப்பி அனுப்பியே தொலைத்திருந்தார்.

ஆனால் அதே பிரிவில் இன்னொரு சொற்றொடரும் இருக்கிறது. ‘மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி’ என்பது அது. உண்மையிலேயே அந்த ஊரிலேயே இல்லாதவர், முகவரி மாறிப்போனவர் அதைக் காட்டி வாதாடலாம். 2007-இல் அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு வழி சொன்னது. நோட்டீஸ் கிடைக்கவில்லை என்கிறவர், நீதிமன்றச் சம்மன் கைக்கு வந்த 15 நாளுக்குள் காசோலைப் பணத்தைக் கட்டிவிட்டு, புகாரைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். அந்த வியாபாரி கடைசியில் அப்படித்தான் கட்டினார். ‘டீம்’ என்றாலே எதிர்வாதம் கிடையாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், அது தவறு. பக்கத்தில் இருக்கும் சொற்களைப் படிக்காமல் அதை மட்டும் படித்து முடிவுக்கு வரக்கூடாது.

இதோடு ‘பிரிஸ்யூம்’ என்ற சொல்லைக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். அது அனுமானம். ஒருவர் காணாமல் போய், அவரைப் பற்றிக் கேள்விப்பட வேண்டியவர்கள் ஏழு ஆண்டாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டம். அங்கே சட்டம் உண்மையைத் தேடுகிறது. இப்படி இருக்கக்கூடும் என்று ஒரு நியாயமான இடத்திலிருந்து தொடங்குகிறது. ஆள் திரும்பி வந்து நின்றால் அந்த அனுமானம் அங்கேயே விழுந்துவிடும். ‘டீம்’ பெரும்பாலும் உண்மையைத் தேடுவதே இல்லை, தெரிந்த உண்மையை ஓரமாக வைத்துவிட்டு மேலே போகிறது.

‘அட்ஜட்ஜ்’ என்பது இன்னொரு வகை. அதில் ஒருவர் உட்கார்ந்து, இரு பக்கமும் பார்த்து, தீர்மானித்துச் சொல்ல வேண்டும். நடுவர் கையைத் தூக்கினால் ‘அட்ஜட்ஜ்டு எல்பிடபிள்யூ’. 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மொஹிந்தர் அமர்நாத் ஆட்டநாயகனாக ‘அட்ஜட்ஜ்’ செய்யப்பட்டார். கடனைத் தீர்க்க முடியாதவரை நீதிமன்றம் நொடித்தவர் என்று தீர்ப்பளிப்பதற்கும் 1909ஆம் ஆண்டு மாகாணத் தலைநகர் நொடிப்புச் சட்டத்தில் இதே சொல்தான். ‘டீம்’ செய்ய இப்படி யாரும் உட்கார வேண்டியதில்லை. தேதி தாண்டினால் தானாகவே ஆகிவிடும். மத்திய அரசு ஊழியர் ஒருவர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் வைக்கப்பட்டால், 1965ஆம் ஆண்டு விதிகளின்படி அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டதாகக் கொள்ளப்படுவார், காவலில் வைக்கப்பட்ட நாளிலிருந்தே. யாராவது கோப்பில் முடிவெடுக்கும்வரை அது காத்திருக்காது.

தானாக நடக்கும் இந்தக் குணம் மக்களுக்குத் துணை நிற்கும் இடமும் உண்டு. 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுக் கொடுத்து 30 நாளாகியும் பதில் வரவில்லை என்றால், தகவல் அலுவலர் மறுத்துவிட்டதாகக் கொள்ளப்படும் என்கிறது 7-ஆவது பிரிவின் 2-ஆவது உட்பிரிவு. முதலில் படிக்கும்போது இது நமக்கு எதிரான வரி போலத் தெரியும். நன்றாக யோசித்தால் நமக்காகவே எழுதப்பட்டது. பதிலே வராவிட்டால் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? மௌனத்தை மறுப்பாகக் கொண்டதால்தான், ‘இன்னும் பரிசீலனையில் இருக்கிறது’ என்று காலம் கடத்த முடியாமல், 31-ஆவது நாள் முதல் மேல்முறையீட்டுக்குப் போக முடிகிறது. எனக்குத் தெரிந்து இந்தச் சொல்லை இதைவிட அழகாக வேறெங்கும் பயன்படுத்தவில்லை.

அண்மையில் தமிழ்நாடே இந்தச் சொல்லைச் செய்தியாகக் கேட்டது. ஆளுநர் நிறுத்திவைத்து, சட்டப்பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பிய 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ‘டீம்டு அஸென்ட்’ என்று ஆங்கில ஏடுகள் எழுதின, நம் நாளிதழ்கள் ‘ஒப்புதல் அளித்ததாகக் கருதப்படும்’ என்று எழுதின. பிறகு குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டு அனுப்பியதன் பேரில், அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படி ஒப்புதலைப் புனைவாகக் கொள்வதற்கு அரசமைப்பில் இடமில்லை என்று கருத்துச் சொன்னது. யார் சரி என்பதற்குள் நான் போகவில்லை. சட்டம் எழுதிவைத்த இடத்தில் ‘டீம்’ செய்வது வேறு, எழுதாத இடத்தில் நீதிமன்றம் ‘டீம்’ செய்யலாமா என்பது வேறு. இந்தச் சொல்லைக் கண்டால் ‘யார் இதைச் சொல்கிறார், அவருக்கு அந்த அதிகாரத்தை எது கொடுத்தது’ என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்த வழக்கைவிடப் பெரிய பாடம் கிடைக்காது.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? ‘கருதப்படும்’ என்ற சொல்லோடு எனக்குப் பல வருடப் பிணக்கு உண்டு. ‘இவர் சிறந்த பாடகராகக் கருதப்படுகிறார்’ என்று நாளிதழில் படிக்கிறோம். ‘தீ விபத்துக்கு மின்கசிவு காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது’ என்றும் படிக்கிறோம். மக்களின் மதிப்பு, போலீசாரின் சந்தேகம், சட்டத்தின் முடிவு மூன்றுக்கும் ஒரே சொல் என்றால், கடிதத்தைப் படிக்கும் சாமானியர் எதை எடுத்துக்கொள்வார்? உங்களைப் போலத்தான், ‘அவங்க நினைப்பு தப்பு’ என்று எழுதக் கிளம்புவார். அதனால் சட்ட ஆவணங்களில் நான் ‘கொள்ளப்படும்’ என்றே எழுதுகிறேன். சட்டத் தமிழில் அதுவும் நெடுநாளாக வழங்குவதுதான். ‘விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கொள்ளப்படும்.’ அந்த ஏகாரத்தை விடக்கூடாது. அதுதான் அந்த வரியின் முடிந்த முடிபைக் காட்டுகிறது. ‘நிகர்நிலை’யை இங்கே போட்டால் ‘நிகர்நிலை வாபஸ்’ என்றாகும், யாருக்கும் புரியாது.

‘கொள்’ என்பதை இந்தப் பொருளில் ஆண்டது நேற்று முளைத்த சட்டத் தமிழ் அல்ல. ‘குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்’ என்ற குறள் தெரிந்ததுதானே? ஒருவரை வேலைக்குத் தெரிந்தெடுக்கும் அதிகாரத்தில் வருவது. நல்லதையும் பார், கெட்டதையும் பார், எது கூடுதலோ அதைக்கொண்டு அவரை இன்னார் என்று கொள். எவரும் முழுக்க நல்லவருமில்லை, முழுக்கக் கெட்டவருமில்லை என்று தெரிந்தே, வேலை நடப்பதற்காக ஒரு முடிவுக்கு வரச் சொல்கிறார். ஆங்கிலத்தின் ‘டீம்’ செய்யும் வேலை இதற்கு மிக அருகில் இருக்கிறது.

பேச்சுத் தமிழிலோ இன்னும் நெருக்கம். “சரி, நீ குடுத்துட்டதாவே வச்சுக்குவோம்” என்கிறோம். ‘டீம்’ என்பதன் தொல்வேருக்கும் ‘வை’ என்றுதான் பொருள் என்று முன்னே சொன்னேன் அல்லவா? ஆனால் வாதத்துக்காக வைத்துக்கொள்வதை அடுத்த நொடியே கைவிட்டுவிடலாம், நண்பர்களுக்குள் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதிகாரம் உள்ளவர் எழுத்தில் வைத்துக்கொண்டால் அது நின்றுவிடும்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அந்த வரியில் பயப்பட வேண்டியது ‘டீம்டு’ மட்டுமல்ல, அதற்கு முன்னாலிருக்கும் நிபந்தனை. அந்தத் தேதிக்குள் சான்றிதழைக் காட்டிவிட்டால் அந்தக் கடைசி வரி உங்கள்மேல் படவே படாது. அசல் கையில் இல்லையென்றால், ‘நான் வாபஸ் வாங்கவில்லை’ என்று வாதாடாதீர்கள். அசல் எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் கிடைக்கும் என்று எழுதி, கூடுதல் அவகாசம் கேளுங்கள். அவகாசம் கேட்கும் கடிதம் கெடு முடிவதற்கு முன்பே அங்கே போய்ச் சேர வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள், மின்னஞ்சல் என்றால் அனுப்பியதை அழிக்காமல் வையுங்கள். கெடு தாண்டிய பிறகு எழுதினால் அது புதிய வேண்டுகோள் ஆகிவிடும், ஏற்பதும் தள்ளுவதும் அவர்கள் விருப்பம். விண்ணப்பத்தோடு கொடுத்த விவரக் குறிப்பேட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இப்படி வாபஸாகக் கொள்ளும் விதி அதில் இருக்கிறதா, கட்டிய பணம் திரும்ப வருமா என்பது அங்கேதான் இருக்கும். விதியே இல்லாமல் கடிதத்தில் மட்டும் எழுதியிருந்தால் அதை எதிர்த்துக் கேட்க உங்களுக்கு இடமுண்டு.

அப்பாவிடம், “நான் வாங்கலைப்பா, போகலைன்னா வாங்கினதா வச்சுக்குவாங்களாம்” என்று சொல்லுங்கள். அந்தக் கடிதத்துக்கு அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு எனக்கும் தெரியாது.